மூன்று விமானம் மாறி ஏழுமலையைப் பார்க்கப் போனது

கானாவுக்கு ஒருமுறை மாறிப் போனால் காசு ஜாஸ்தி. இரண்டு முறை மாறினால் கம்மி. நடுவில் ஒரு ஊரில் பதினாறு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் இன்னும் கம்மி. கள்ளக்குறிச்சியில் டிக்கெட் போடும் பாய் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உக்காருவீங்களா?"

"உக்காருவேன்."

"செவ்வாக்கெழம கெளம்புனா இன்னும் கொறையுது. நம்ம ஆளுங்க செவ்வாக்கெழம கெளம்ப மாட்டாங்க. அதான் கேக்கறேன்."

"எனக்கு எல்லாக் கெழமையும் ஒண்ணுதான் பாய்."

"இன்னொண்ணு. திரும்பி வர்ற தேதிய மாத்த முடியாது. அன்னிக்கி ஏறலன்னா டிக்கெட்டு செத்துப் போச்சின்னு வெச்சிக்கோங்க."

சரி என்றேன். பதிமூன்று நாள் கிடைத்தது.

நான் போனது என் மருமகன் ஏழுமலையைப் பார்க்க. அவன் போர் வண்டியில் டிரில்லர். தண்ணீருக்குக் குழாய்க் கிணறு தோண்டும் வண்டி. கானாவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடைசி எட்டு மாதமாக என் மகள் தனத்திடம் பேசவில்லை. பணம் மாதாமாதம் வந்தது. குரல் வரவில்லை.

தனம் எட்டாவது வரை படித்தவள். அவன் மூன்றாவது. எழுதி அனுப்பினால் அவனுக்குப் படிக்க வராது. அதனால் செல்போனில் பேசிப் பேசி அனுப்பினாள். அவன் வாங்கிக்கொண்டான் என்று இரண்டு கோடு நீலமாகும். பதில் இல்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. வண்டி சூப்பர்வைசரைக் கேட்டால், "நல்லாத்தான் கீறான், வேலைல கீறான்" என்றார்.

அங்கே வேறு குடித்தனம் வைத்துவிட்டான் என்று ஊரில் பேசினார்கள். கச்சிராயபாளையம் பஸ்ஸில் தனத்தின் காதுபடவே பேசினார்கள். அவள் மூன்று வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான் கிளம்பும்போது அவனுக்குக் கொடுக்க ஏதாவது கட்டித் தரட்டுமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். தனம் வேண்டாம் என்றாள். என்னிடம், "வர்றாரா இல்லியா, கேட்டுக்கினு வாங்கப்பா. ரெண்டுல ஒண்ணு. அப்பறம் நான் பாத்துக்கறேன்" என்றாள். அழவில்லை.

நானும் இருபத்திரண்டு வருடம் போர் வண்டியில் இருந்தவன். கர்நாடகா, ஆந்திரா, மத்தியப் பிரதேசம். எல்லாம் லாரியில் போனது. விமானம் அதுதான் முதல்.

முதல் விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது நைனார்பாளையத்துப் பெண். வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போகிறவள். மூன்றாவது தடவை போகிறாளாம். விமானம் ஏறும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சாப்பிட்டாள். என் தட்டில் இருந்த பன் கல்லாக இருந்தது. அதையும் அவளே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எங்கண்ணா போறீங்க?"

"ஆப்பிரிக்கா."

"அங்க இன்னா வேல?"

"வேலை இல்ல. மருமவனப் பாக்க."

"பாக்கவா, கூட்டிக்கினு வரவா?"

நான் தட்டை மூடி வைத்தேன்.

"புடிச்சிக்கினு வந்துடுங்க" என்றாள். "பாத்துட்டு வந்தா செலவுதான்."

விமானம் இறங்கும்போது காதுக்குள் ஆணி இறக்குவது போல வலித்தது. வாயைத் திறந்து திறந்து மூடச் சொன்னாள். அப்படியே செய்தேன். ஒரு காது திறந்தது. ஒன்று திறக்கவில்லை.

அந்த ஊரில்தான் பதினாறு மணி நேரம். பெரிய கட்டடம். எல்லாம் கண்ணாடி. உள்ளே குளிர். கொண்டுபோன இரண்டு சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். கல்வராயன் மலையில் மார்கழியில் வேலை செய்திருக்கிறேன். அங்கே நெருப்பாவது போடலாம். தரையில் துண்டு விரித்துப் படுத்தேன். சீருடைக்காரர் ஒருவர் எழுப்பினார். வேறு இடத்தில் படுத்தேன். அங்கேயும் எழுப்பினார். மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தேன்.

விமானச் சீட்டில் போட்டிருந்த வாசல் எண்ணைப் பார்த்து அந்த வாசலில்தான் இருந்தேன். நேரம் நெருங்கியும் ஆள் சேரவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு வடநாட்டுக்காரர் என் சீட்டை வாங்கிப் பார்த்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாசலை மாற்றிவிட்டார்கள், மூன்று தடவை மைக்கில் சொன்னார்கள், காதில் விழவில்லையா?" என்று இந்தியில் கேட்டார். வண்டி வேலையில் கற்ற இந்தி எனக்குக் கொஞ்சம் புரியும். இரண்டு பேரும் ஓடினோம். கதவை மூடப்போகும் நேரம். அவருக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் போய்விட்டிருந்தார்.

மூன்றாவது விமானம் இறங்கும்போது இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. கிணற்றுக்குள் நின்றுகொண்டு மேலே பேசுவதைக் கேட்பது போல இருந்தது. கானாவின் தலைநகர் அக்ராவில் அப்படியே இறங்கினேன்.

வெளியே வந்ததும் முகத்தில் ஈரத்துணி போட்டது போல ஒரு சூடு. நம் ஊர் சித்திரை வெயில் அடிக்கும். நிழலுக்குப் போனால் விட்டுவிடும். இது நிழலுக்கும் கூட வருகிறது. வியர்வை வழிகிறது, காய்வதில்லை. பத்து நிமிடத்தில் இரண்டு சட்டையும் நனைந்துவிட்டன.

என்னை அழைத்துப்போக சக்தி வந்திருந்தான். களமருதூர்ப் பையன், இருபத்தைந்து வயது, ஏழுமலை வண்டியில் ஹெல்பர். ஏழுமலை வரவில்லை.

"அண்ணனுக்கு வேல, பெரிப்பா" என்றான். என் காதுக்கிட்ட வந்து இரண்டு தடவை சொன்னான்.

வேனில் போனோம். பதினைந்து பேர் உட்காரும் வேனில் இருபத்திரண்டு பேர். கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வழியில் கயிறு அறுந்து கதவு ரோட்டில் விழுந்தது. எல்லாரும் இறங்கிக் கதவைத் தூக்கிக் கூரைமேல் போட்டோம். யாரும் கோபப்படவில்லை. டிரைவர் என்னைக் காட்டி ஏதோ சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். இன்னா என்று சக்தியைக் கேட்டேன்.

"கதவு இருந்தா காத்து வராதுன்னு இந்தியாக்காரப் பெரியவரு வேண்டிக்கினாராம். அதான் வுழுந்துச்சாம்."

தலையில் பெரிய சட்டி வைத்துப் பெண்கள் தண்ணீர் பாக்கெட் விற்றார்கள். ஓடுகிற வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடி வந்து கொடுத்தார்கள். சாப்பிட, மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து உருட்டி, மட்டையில் சுற்றி வேகவைத்தது. பிரித்ததும் பழைய கூழ் வாசனை வந்தது. அதனால் இறங்கியது. வழியெல்லாம் மரவள்ளி நின்றது. நம் பக்கம் கிழங்கு முழுக்க ஜவ்வரிசி மில்லுக்குப் போகும். இங்கே வாசலில் உலக்கையால் இடிக்கிறார்கள். களி மாதிரி உருட்டிக் குழம்பில் போட்டு விழுங்குகிறார்கள்.

பொழுது சாய முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். தகரக் கொட்டகை நான்கு. ஏழுமலை குளித்துவிட்டு நின்றான். இளைத்திருந்தான். கைலியும் பனியனும். முதுகெல்லாம் வேர்க்குரு. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வாங்க மாமா. சாப்டீங்களா?" என்றான். சத்தமாகச் சொன்னான்.

எனக்குக் காது அடைத்திருப்பதைச் சக்தி சொல்லியிருப்பான் என்று நினைத்தேன்.

அன்றைக்கு அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கொட்டகையில் வேறு குடித்தனம் இருக்கிற அடையாளம் இல்லை. ஒரு கட்டில், ஒரு கொசுவலை, ஒரு பெட்டி. ஆணியில் தனமும் குழந்தையும் இருக்கும் படம். படத்தின் ஓரம் பூஞ்சை பிடித்து மேலே ஏறியிருந்தது. துடைத்துத் துடைத்து அந்த இடம் வெளுத்துப் போயிருந்தது.

மறுநாள் எனக்கு உடம்பு எழவில்லை. சூட்டுக்கு முகாமில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விடிவதற்குள் வேலையைத் தொடங்கிப் பதினொரு மணிக்கு நிறுத்துகிறார்கள். மறுபடி நான்கு மணிக்கு. நீச்சத்தண்ணீரில் உப்பைப் போட்டுக் குடிக்கிறார்கள். துவைத்த துணியை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைக்கிறார்கள். கொடியில் போட்டால் மூன்று நாளானாலும் அப்படியே இருக்கும், நாற்றம் எடுத்துவிடும். ஈரத்துண்டு போர்த்தினால் குளிரும் என்று நான் போர்த்திப் பார்த்தேன். குளிரவில்லை. வெந்தது.

ஏழுமலை சோறு கொண்டுவந்து வைத்தான்.

"மாப்ள, தனத்துகிட்ட ஏன் பேசறதில்ல?" என்றேன். அவன் குனிந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தான். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் பேசியது நிஜம்தான் என்று முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனேன். ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர். கல்வராயன் மலையில் பத்தடியில் பாறை தட்டும். இங்கே அறுபதடிக்குச் செம்மண். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டாவி விட்டேன். பட்டென்று இரண்டு காதும் திறந்துகொண்டன. அவ்வளவு சத்தமும் ஒரேயடியாக உள்ளே வந்தது. பழகிய சத்தம்தான்.

பதினொரு மணிக்கு வண்டியை நிறுத்தினார்கள். அமைதியானது. குருவி கத்துவது கேட்டது. ஏழுமலை என் எதிரில் வந்து, "வெய்யிலு ஜாஸ்தி மாமா, நெழலுக்கு வாங்க" என்றான்.

கத்தினான். கம்ப்ரசர் ஓடும்போது கத்துவது போலக் கத்தினான். எதிரில் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு.

நான் நிழலுக்குப் போனேன். அவன் திரும்பி நின்று கை கழுவினான். கீழே கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து வண்டியின் தகட்டில் போட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஏழுமலை கை கழுவிக்கொண்டிருந்தான்.

சக்தியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"எத்தினி மாசமாடா?"

"ஒரு வருசமா கொஞ்சம் கொஞ்சமா, பெரிப்பா. எட்டு மாசமா சுத்தமா இல்ல. வாயப் பாத்துப் புரிஞ்சிக்கும். நான்தான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன். சூப்பர்வைசருக்குத் தெரியாது."

சாயந்தரம் ஏழுமலையை எதிரில் உட்காரவைத்தேன். போர் வண்டியில் சத்தத்துக்குள் பேச்சு எடுபடாது. கையால்தான் பேசுவோம். ராடு வேண்டும், நிறுத்து, மேலே தூக்கு, மெதுவாக, தண்ணீர் வந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் ஜாடை உண்டு. பெண்டாட்டிக்கு ஜாடை கிடையாது. அழுகிறாள் என்பதற்குக் கிடையாது. என் காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினேன்.

அவன் என் கையையே பார்த்தான். பிறகு பேசினான். சத்தமாகத்தான் பேசினான். மெதுவாகப் பேசச் சொல்லிக் கையைத் தாழ்த்திக் காட்டினேன்.

"அவ பேசி அனுப்பறதையெல்லாம் போட்டுப் பாப்பேன் மாமா. செல்லக் கையில வெச்சிக்கினா அதுருது. பேசறான்னு தெரியுது. இன்னா பேசறான்னு தெரில."

சக்தியைக் கேட்டுச் சொல்லச் சொல்லலாமே என்று அவனைக் காட்டினேன்.

"பொண்டாட்டி புருசங்கிட்ட பேசறத அவன் கேக்கறதா? நல்லாருக்குதா?"

நான் நீட்டிய கையை இறக்கிக்கொண்டேன்.

"சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா அனுப்பிடுவாங்க. ஹாமர் போற சத்தத்த வெச்சித்தான் டிரில்லரு பாறைய சொல்லணும். நான் லிவருல கைய வெச்சி அதுர்றத வெச்சி சொல்லிக்கினு கீறேன். இதுவரைக்கும் தப்பு வர்ல. இன்னும் ஒரு வருசம். அப்பறம் வூட்டுக்கு வந்து குந்திக்கறேன். தனத்துக்குச் சொல்லாதீங்க மாமா. செவுடன்னு தெரிஞ்சா..." நிறுத்தினான். "சொல்லாதீங்க."

சரி என்று தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் வேறு இடத்தில் வேலை. ராடைத் தூக்கும்போது வயர் நழுவியது. உள்ளூர் ஆள் ஒருவன் அலறினான். எல்லாரும் ஒதுங்கினார்கள். ஏழுமலை அசையவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சக்தி பாய்ந்து அவனைத் தள்ளினான். ராடு அவன் தோளை உரசிக்கொண்டு போனது. பனியன் கிழிந்தது. தோலும் கொஞ்சம்.

ஏழுமலை எழுந்து, எதற்குத் தள்ளினாய் என்று சக்தியைத் திட்டினான். அப்புறம்தான் ஆடிக்கொண்டிருந்த ராடைப் பார்த்தான்.

நான் நேராகப் போய்ச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தலையைச் சொறிந்தார். "எனக்கும் சந்தேகம் இருந்திச்சி பெரியவரே. கேட்டா அனுப்பணும். அதான் கேக்கல" என்றார். "இப்ப நீங்க சொல்லிட்டீங்க." ஒப்பந்தம் முடியாததால் டிக்கெட் எங்கள் பொறுப்பு என்றும் சொன்னார்.

ஏழுமலை என்னிடம் பேச்சை நிறுத்தினான். என் பக்கம் பார்க்காமல் இருந்தாலே போதும், நான் சொல்வது எதுவும் அவனுக்குப் போய்ச் சேராது. அப்படித்தான் இருந்தான். சோறு மட்டும் கொண்டுவந்து வைத்தான். ஒரு வாரம் மழை வருவது போல இருந்து வராமலே போனது. கொட்டகைக்குள் நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து வியர்த்தோம்.

பாய்க்குப் போன் போட்டேன். நான் வரும் விமானத்திலேயே அவனுக்கும் வேண்டும் என்றேன். உடனே என்பதால் விலை மூன்று மடங்காம். நான் கிளம்பி நான்கு நாள் கழித்து வேறு வழியில் ஒன்று இருக்கிறது, அதுதான் நம்மால் ஆகும் என்றார். அதிலும் இரண்டு முறை மாற வேண்டும். அதையே போடச் சொன்னேன்.

போட்ட பிறகுதான் அந்தத் துடைப்பக்காரர் கையைப் பிடித்து இழுத்தது ஞாபகம் வந்தது. எனக்குக் காது பாதி. இவனுக்கு அதுவும் இல்லை, படிக்கவும் வராது. வாசலை மாற்றினால் யார் சொல்வார்கள்? கூட இருந்து அழைத்துவரலாம் என்றால் என் டிக்கெட் செத்துப்போகும். இன்னொன்று வாங்க வழியில்லை.

சூப்பர்வைசரிடம் ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி வாங்கினேன். இவருக்குக் காது கேட்காது, விமானத்தில் ஏற்றிவிடுங்கள் என்று. கயிறு கோத்து ஏழுமலையின் கழுத்தில் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டான்.

"மாடா நானு?" என்றான். ஒரு வாரத்தில் அவன் என்னிடம் பேசியது அதுதான்.

கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு அட்டையை அவன் சட்டைப் பையில் வைத்தேன். எடுத்துப் போடவில்லை. வருவதாகவும் சொல்லவில்லை. நான் வேனில் ஏறும்போது அவன் கொட்டகைக்குள் இருந்தான்.

திரும்பி வந்த வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று விமானம். பசிக்கவில்லை.

கச்சிராயபாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. சட்டை காய்ந்தது. தனம் வாசலில் நின்றாள்.

"இன்னாப்பா சொன்னாரு?"

"டிக்கெட்டு போட்டாச்சி. வெள்ளிக்கெழம வரணும்."

"வர்றேன்னு சொன்னாரா?"

"சொல்லல."

"அங்க யாராச்சும் கீறாங்களா?"

"யாரும் இல்ல."

"அப்பறம் ஏன் பேசல?"

"அத அவன் வாயால சொல்லுவான்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் எதையோ மூடுகிறேன் என்று தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நானும் மெட்ராசுக்கு வருவேன் என்றாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். உளுந்தூர்பேட்டை தாண்டியதும், "வந்தா நாலு கேள்வி கேக்கப் போறேன். நீங்க நடுவுல வராதீங்க" என்றாள். சரி என்றேன்.

விமான நிலைய வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடல் காற்றில் அங்கேயும் அந்த ஊர்ப் புழுக்கம். அவன் வர வேண்டிய விமானம் காலை ஒன்பது மணிக்கே இறங்கிவிட்டது. பெட்டி தள்ளிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். கட்டிப்பிடித்தார்கள், போனார்கள். பத்தரை ஆனது. கூட்டம் குறைந்தது. பதினொன்றானது. தனம் தண்ணீர் குடிக்கவில்லை. நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நடுவில் எந்த ஊரில் எந்த வாசலில் அவன் உட்கார்ந்திருக்கிறானோ என்று நினைத்தேன். இல்லை, ஏறவே இல்லையோ. அவளிடம் சொல்லவில்லை.

பதினொன்றேகால் இருக்கும். ஏழுமலை வந்தான். ஒரு பையை மட்டும் தோளில் போட்டிருந்தான். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் போவது என்று மேலே இருந்த போர்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

"ஏங்க" என்றாள் தனம்.

அவன் நடந்தான்.

"ஏங்க, இங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். அவள் முகம் செத்துப்போனது. கம்பியை விட்டுவிட்டு இரண்டடி ஓடினாள். அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். அவள் அவன் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவன் திரும்பவில்லை. டாக்சிக்காரன் ஒருவன் அவன் பின்னாலேயே போய்க் கூப்பிட்டான். அதற்கும் திரும்பவில்லை.

தனம் நின்றாள். அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எப்பத்துலேந்துப்பா?" என்றாள்.

"எட்டு மாசமா."

கேட்க வைத்திருந்த நான்கு கேள்வியை அவள் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். சுற்றிக்கொண்டு போய் அவனுக்கு எதிரில் நின்றாள்.